கொடியைக் கழட்டுங்கோ

நேற்றுப் புத்தூரில் ஒரு செத்தவீடு. ஓய்வுபெற்ற கிராம அலுவலர். பெட்டியின்மேல் அவருடைய படமும் பெயரும் அச்சடித்த பளபளப்பான கொடி. கடையிலிருந்து நேரே வந்த பிளாஸ்ரிக் மணம். பெட்டியோடு அதுவும் எரியுமாம். எல்லாரும் கதிரைகளில் அமைதியாக இருக்க, நான் மட்டும் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். பெட்டிமேல் கொடியைக் கண்டால் திருப்பி வாங்கச் சொல்லிக் கை பரபரக்கும். பழைய உத்தியோகம் அப்படி.

உத்தியோகம் என்பதெல்லாம் என் பெருமைக்கு. நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞனாகச் சேர்ந்தபோது அரசாங்க ஊழியர் எங்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. சங்கத்தின் ஒரே சொத்து ஒரு கொடி. அங்கத்தவர் இறந்தால் அதைப் பெட்டிமேல் போர்த்த வேண்டும். சுடலைக்குப் புறப்படுமுன் மீட்டு வரவேண்டும். என்னிடம் சைக்கிள் இருந்ததால் பதவி என்னைத் தேடி வந்தது. அலுமாரியில் பூச்சி உருண்டையோடு கிடக்கும் கொடி அது. பாதிச் சனம் அழுதது துக்கத்தாலா அந்த மணத்தாலா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். நிறம் தெரிவுசெய்யப் பெரிய விவாதம் நடந்ததாம். சிவப்பு, பச்சை, நீலம், எதைச் சொன்னாலும் அது ஏதோ ஒரு கட்சியின் நிறமென்று யாரோ ஒருவருக்குப் பயம். கடைசியில் மண்ணிறம். மண்ணிறத்துக்காக எங்களில் எவரையும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

சண்டிலிப்பாயில் ஒரு தபாலதிபர் இறந்த நாளிலேயே குருநகரிலும் ஒரு சுங்க எழுதுவினைஞர் போய்விட்டார். பெட்டி இரண்டு, கொடி ஒன்று. குருநகர்க்காரருக்கு அவசரமில்லை, அவருடைய மகன்தான் ஆளுக்குமேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். சண்டிலிப்பாயிலோ பெட்டியைத் தூக்குவதாக இல்லை. தபாலதிபரின் தமக்கை, அவருடைய மனைவியின் காதுக்குள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி அசையவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்தேன்.

"அக்கா, நேரமாச்சு. கொடியைக் கழட்டித் தந்தியளெண்டால் நான் போயிடுவன்."

ஒப்பாரி நின்றது. எங்கள் பக்கத்தில் தாலிச் சங்கிலிக்கும் கொடி என்றுதான் பெயர் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார். "என்ரை கொடியைக் கழட்டச் சங்கத்திலையிருந்தும் ஆள் விட்டிருக்கினமோ? தரமாட்டன். அவர் கட்டினது. ஆருக்கும் தரமாட்டன்."

'சங்கத்திலையிருந்தும்' என்ற அந்த 'உம்'மில் இருந்தது விஷயம். காலையிலிருந்து தமக்கை காதுக்குள் கேட்டதும் அதைத்தான்: பெட்டி மூடுமுன் தாலியைக் கழற்றிவிடு, ஊர் பார்க்கிறது. ஆனால் அதே தமக்கை இப்போது என்மேல் பாய்ந்தார்.

"ஆரடா உவன்? பொம்பிளையின்ரை கழுத்திலை கிடக்கிறதைக் கேட்டு வந்திட்டான்! அவள் போட்டிருப்பாள். உனக்கென்னடா?"

ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியாயிற்று. இனி அவர் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

நான் பெட்டியைக் காட்டினேன். "இல்லை மாமி... உந்தக் கொடி. மண்ணிறம்."

யாரோ ஒரு கிழவர் இருமுவதுபோலச் சிரித்தார். தபாலதிபரின் மனைவி எழுந்து, தானே ஊசிகளைக் கழற்றி, கொடியை மடித்து நீட்டினார்.

"இது உங்கடை. கொண்டு போங்கோ தம்பி."

குருநகரில் கத்தோலிக்கச் சுவாமியார் செபத்தை இழுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். வேர்வையோடு போய்ப் போர்த்தினேன்.

பிறகு பல வருடம் தபாலதிபரின் மனைவியைச் சந்தையில் கண்டிருக்கிறேன். கொடி சேலைக்கு வெளியே தெரியத்தான் நடப்பார். என்னைக் கண்டால், "என்ன தம்பி, இண்டைக்கு ஒண்டும் கழட்ட வரேல்லையோ?" என்பார்.

போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். சங்கம் எப்போதோ கலைந்திருந்தது. நான் முற்றத்தில் நின்றேன். பெட்டி மூடும் நேரம் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: "பவுண் எல்லாத்தையும் கழட்டுங்கோ. கொடியையும்."

குறுக்கே விழுந்து அதட்ட அந்தத் தமக்கை இல்லை. உள்ளே போய்ப் பிழையாகக் கேட்க என்னிடம் ஒரு மண்ணிறத் துணியும் இல்லை.