அறுபத்து நாலாம் டோக்கன்

2024 பிப்ரவரி 1, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்பியதும் அணைத்தேன். காபி, செய்தித்தாள், சவரம், குளியல், மூன்று இட்லி. இந்த வரிசை மாறினால் அன்றைக்கு முழுவதும் எதையோ வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். அதற்காகவே என் மனைவி சில நாள் இட்லியைக் குளியலுக்கு முன்னால் தட்டில் வைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று கதவோரம் நின்று பார்ப்பாள். அன்றைக்கு வைக்கவில்லை. நேரத்துக்குக் கிளம்பி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

என் வேலை ஒரு சின்ன டேட்டாபேஸ் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது. "இதையெல்லாம் இப்படிச் சேர்த்து, இந்த வரிசையில் காட்டு" என்று யாராவது கேட்டால், கேட்டபடி அது எடுத்துக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ஏன் என்று பார்க்கவேண்டியவன் நான். அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் ஏற்றும் யார்டு ஒன்றில் எங்கள் எஞ்சின் ஓடுகிறது. வியாழன்தோறும் அங்கே போவேன்.

யார்டில் வரும் ஒவ்வொரு டிப்பருக்கும் கேட்டில் ஒரு டோக்கன்; நிற்கும் வண்டியெல்லாம் போய்விட்டால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கேட்டில் ஒரு பதிவு, காலி எடைக்கு ஒரு பதிவு, டயர் பார்த்ததற்கு ஒரு பதிவு என்று ஒரு வண்டிக்கே பல பதிவுகள் விழும். அவற்றை டோக்கன் வாரியாகச் சேர்த்து, டோக்கன் வரிசையில் சுவரிலுள்ள டிவியில் காட்டுவது எஞ்சினின் வேலை. டிவியில் மேலே இருப்பவர் முதலில் லோடு எடுப்பார். டிரைவர்களுக்கு அந்த டிவிதான் தீர்ப்பு.

நான் உள்ளே நுழையும்போது ஆபீஸ் வாசலில் கூட்டம். டோக்கன் கொடுக்கும் அம்மாள் ஜன்னலுக்குள் இருந்து கை காட்டினார்.

"வாங்க சார், வாங்க. போன வாரம் நீங்க போட்டுட்டுப் போன புதுசு ரொம்ப அருமையா வேலை செய்யுது. இப்பதான் வந்தவன மொத ஆளா தூக்கி வச்சிருக்கு."

டிவியைப் பார்த்தேன். 64, 1, 65, 2, 66, 3. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஜோடி சேர்த்தது போல இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பழைய எஞ்சின் ஒரே டோக்கனின் பதிவுகளைச் சேர்ப்பதற்காக எல்லாவற்றையும் முதலில் வரிசையாக அடுக்கும். புது எஞ்சின் வேகத்துக்காக அறுபத்து நாலு பெட்டி வைத்துக்கொள்கிறது. டோக்கன் எண்ணை அறுபத்து நாலால் வகுத்து, மீதி என்னவோ அந்த எண்ணுள்ள பெட்டியில் போடும். அறுபத்து மூன்று வரைக்கும் எல்லாம் தானாகவே வரிசையாக உட்கார்ந்துவிடும். அறுபத்து நாலுக்கு மீதி பூஜ்யம். அது நேராகப் போய் முதல் பெட்டியில் உட்காரும். சோதனையில் நாங்கள் இருபது வண்டிக்கு மேல் விட்டதே இல்லை. யார்டிலும் அவ்வளவு வண்டி ஒருநாளும் நின்றதில்லை. முந்தின நாள் மத்தியானம் லோடு போடும் பொக்லைன் படுத்துவிட்டதால் வண்டிகள் சேர்ந்துபோய்விட்டன.

"நான் நேத்து மத்தியானத்துலேருந்து நிக்கிறேன்," என்றார் ஒன்றாம் டோக்கன்காரர். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஈரத் துண்டு. "இவன் இப்ப வந்தான். குளிச்சுட்டு வேற வந்திருக்கான்."

அறுபத்து நாலாம் டோக்கன்காரனை அப்போதுதான் பார்த்தேன். முப்பதுக்குள் இருப்பான். யார்டு முழுவதும் சுண்ணாம்புத் தூசி. நடுவே அவன் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கரைவேட்டி, நெற்றியில் சந்தனம். சட்டையில் தூசி படாமல் இருக்கக் கைகளை உடம்பிலிருந்து தள்ளிவைத்தபடி நின்றான்.

நான் மேசையில் லேப்டாப்பைத் திறந்ததும் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"சார், இத சரி பண்ண எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை மணி நேரம்."

"கொஞ்சம் மெதுவா பண்ண முடியுங்களா? பொக்லைன் ரெடியாயிருச்சாம். நான் லோடு ஏத்திட்டுப் போயிடுறேன், அப்புறம் பண்ணுங்க."

"ஏன்?"

"இன்னைக்குப் பொண்ணு பாக்கப் போறோம் சார். விக்கிரமங்கலம். ஒன்றரைக்கு ராகு காலம் வந்துரும், அதுக்குள்ள போயாகணும். ராத்திரியே வரவேண்டியவன், டயர் பஞ்சர். வண்டிய வுட்டுட்டுப் போனா டோக்கன் கேன்சல், ஓனர் வேலைய வுட்டே தூக்கிருவாரு. எங்க அம்மாலாம் கார்ல கெளம்பிட்டாங்க."

"தம்பி, தப்புன்னு தெரிஞ்ச பிறகு அப்படியே விட முடியாது."

"தப்புன்னு ஏன் சார் சொல்றீங்க? எனக்கு நல்ல நேரம்னு சொல்லுங்க."

வேலையைப் பார்த்தேன். அதில் ஒரு வேடிக்கை இருந்தது. டோக்கன் வரிசையில் காட்டு என்று அந்த அம்மாளின் கம்ப்யூட்டர் அனுப்பும் கேள்வி, அதாவது க்வெரி, தெளிவாகவே கேட்டிருந்தது. வரிசைப்படுத்துவதற்கென்று எஞ்சினில் தனியாக ஒரு பகுதியும் உண்டு. ஆனால் பதிவுகளைச் சேர்க்கும் பகுதியே வரிசையாகத்தான் கொடுக்கும் என்று நம்பி, அது தன் வேலையைச் செய்யாமல் ஒதுங்கிக்கொண்டது. சேர்க்கும் பகுதியோ, வரிசை அடுத்த ஆள் பொறுப்பு என்று விட்டுவிட்டது. ஒரு பகுதி நான் முன்பு எழுதியது, மற்றது சென்னையில் ஒருவர் இப்போது எழுதியது. எங்கள் வீட்டில் மோட்டாரை நான் அணைத்திருப்பேன் என்று மனைவியும் அவள் அணைத்திருப்பாள் என்று நானும் இருந்து, மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுமே, அதே கதை.

பெட்டி வழியில் சேர்த்திருந்தால் வரிசைப்படுத்தும் பகுதி கட்டாயம் வேலை செய்யவேண்டும் என்று மாற்றினேன். எண்பது போலி வண்டிகளை விட்டுப் பார்த்தேன். பிறகு எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினேன்.

டிவி ஒரு தடவை கறுத்து வந்தது. 1, 2, 3, 4. கூட்டம் விசில் அடித்தது. வெள்ளைச் சட்டைக்காரன் டிவியின் அடிவரைக்கும் தன் எண்ணைத் தேடினான். அந்தப் பக்கத்திலேயே அது இல்லை.

"மாப்ள, மணவறையிலேருந்து எறக்கி வுட்டுட்டாங்கடா," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அவன் சிரிக்கவில்லை. போனை எடுத்து, "அம்மா, நீங்க போங்க, நான் வரல" என்று ஆரம்பித்தான். ஒன்றாம் டோக்கன்காரர் கையை நீட்டி அந்தப் போனை வாங்கிக்கொண்டார்.

"ஆத்தா, அவன் வரான். டீக்கடையில நிக்காம நீங்க போய்ச் சேருங்க." போனைத் திருப்பிக் கொடுத்தார். "டேய், டோக்கன எடு. மாத்திக்குவோம்."

அந்த யார்டில் அது வழக்கம்தான். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வந்து ஒத்துக்கொண்டால் வண்டி எண்ணை மாற்றிப் பதிவார்கள்.

"அண்ணே, நெசமாவா? இன்னும் முழுநாள் கெடக்கணும்ணே."

"கெடந்துட்டுப் போறேன். வூட்டுக்குப் போனா மட்டும் யாரு ஆரத்தி எடுக்குறா? ஒண்ணு சொல்லிடறேன். பொண்ணு ஒன்ன வேணாம்னு சொல்லிட்டா என் டோக்கன் வீணாப்போனதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"அப்ப அவன் மேல வந்ததுக்கு ஏன் அவ்ளோ கூச்சல் போட்டீங்க?" என்று அம்மாள் ஜன்னலிலிருந்து கேட்டார்.

"மிசினு குடுத்தா எப்படிம்மா வுடுறது? நான் குடுக்குறது வேற."

அம்மாள் எண்களை மாற்றிப் பதிந்தார். டிவியில் முதல் வரியில் மறுபடியும் அந்தப் பையனின் வண்டி. டீ குடிக்கப் போயிருந்த நாலு பேர் அப்போதுதான் திரும்பி வந்தார்கள். டிவியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் சார், பெரம்பலூர்லேருந்து வந்து இவ்ளோ நேரம் தட்டுனீங்களே, இன்னும் அவன்தான மேல நிக்கிறான்?"

விளக்கினேன். பெட்டி, மீதி, வரிசை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சரியாவல," என்றார் ஒருவர்.

பையன் லோடு ஏற்றிக்கொண்டு போனான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து, பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, பனியனோடு ஓட்டினான். எடைமேடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்தான்.

மூன்று மணிக்கு அம்மாளுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. ராகு காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டானாம். கல்லோடு டிப்பரைப் பெண் வீட்டு வாசலில் நிறுத்தியதில் தெருவில் வேறு வண்டி போக இடமில்லையாம். பதிலைக் காலையில் சொல்கிறோம் என்றார்களாம். அம்மாள் இதை உரக்கச் சொன்னதும், அறுபத்து நாலாம் டோக்கனோடு வண்டி நிழலில் படுத்திருந்தவர், "காலை வரைக்குமா?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை, காபி குடிக்கவில்லை. முதல் வேலையாக யார்டுக்கு போன் போட்டேன்.

"சரின்னுட்டாங்க சார்," என்றார் அம்மாள். "என்ன, இவ்ளோ காலையில? மிசின் ஒழுங்கா ஓடுதான்னு கேக்கலியா?"

"அது கெடக்குதும்மா," என்றேன். "எப்ப கல்யாணம்?"