ரோஸ் அவென்யூவில் கிடந்த பூ

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் ஸ்டுடியோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நகரின் செயலாளர் வந்தார். நகர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருப்புலிவனம் போகிற வழியில், எங்கள் காலனிக்கு எதிரே, முதலில் கல் நட்டு, அப்புறம் மதில் எழுப்பி, வாசலில் வளைவு கட்டி, ஃபைபர் யானை இரண்டை நிறுத்திவைத்திருக்கிறார்களே, அதுதான். செயலாளர் பேங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நிஜ வீடு சென்னையில். இங்கே இருப்பது வாரக் கடைசி வீடு. சனிக்கிழமை மதியம் காரில் வந்து இறங்கி, காற்று எவ்வளவு சுத்தம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, ஞாயிறு சாயங்காலம் கிளம்பிப் போகிற குடும்பங்களுக்கு அவர் தலைவர் மாதிரி.

"நம்ம கம்யூனிட்டிய ஒரு போட்டோ டூர் மாதிரி பண்ணணும் தம்பி. வெப்சைட்ல பாக்கறவனுக்கு உள்ள நடந்து போய் வந்த ஃபீல் வரணும். ட்ரோன் வெச்சிருக்கீங்கல்ல?"

ட்ரோன் இருந்தது. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்குமே இப்போது ட்ரோன் இல்லாமல் யாரும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கே அவருடைய காரில் போய் இடம் பார்த்தேன். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன், அந்த வளைவுக்குள் முன்சீட்டில் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். சல்யூட் எனக்கில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதைப் படிக்கிறவர்கள், நகர் வந்ததில் போன வயலை நினைத்து நான் மூக்கைச் சிந்தப் போகிறேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அந்த வயல் எங்களுடையது இல்லை. எங்கள் காலனியில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்த மேட்டில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முதுகு ஒடிந்ததுதான் எங்களுக்கு மிச்சம். நிலத்துக்காரர் நல்ல விலைக்கு விற்றார், பிள்ளைக்குக் காஞ்சிபுரத்தில் கடை வைத்துக் கொடுத்தார். அதற்கு நான் ஏன் அழ வேண்டும்?

செயலாளர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். நீரூற்று ஒன்று இருந்தது, தண்ணீர் வரவில்லை. போட்டோ அன்றைக்கு மட்டும் மோட்டார் போடலாம் என்றார். கிளப் ஹவுஸ் என்ற ஹாலில் தூசி பிடித்த கேரம் போர்டு ஒன்றும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத சைக்கிள் ஒன்றும் இருந்தன. எவ்வளவு மிதித்தாலும் நகராத அந்த சைக்கிளை அவர் பாசத்தோடு தட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் பூங்காவில் சறுக்குமரத்தை மறைத்துக்கொண்டு கோரை வளர்ந்திருந்தது. வாக்கிங் போகிற பாதை நேராகக் கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றி வந்தது. தெருக்களுக்கு ரோஸ் அவென்யூ, ஆர்க்கிட் அவென்யூ, டெய்சி அவென்யூ என்று போர்டு. நான் பார்த்தவரைக்கும் ஒரு ரோஜாச் செடிகூட இல்லை. எல்லா வீடும் ஒரே வெளிர் மஞ்சள், ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி பூட்டு.

எதை எடுக்கக் கூடாது என்பதில்தான் அவர் ரொம்பக் கவனமாக இருந்தார். ஆடு வரக் கூடாது. கரண்ட் கம்பி வரக் கூடாது. எங்கள் காலனியின் தண்ணீர் டேங்க் பின்னால் தெரியக் கூடாது. புல் வெட்டுகிற பெண்கள் வந்தால், "அவங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிடுங்க." அதில் ஒருத்தி எனக்கு அத்தை முறை. அவள் தலைத்துண்டைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் ஃப்ரேமைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கடைசியாக ரோஸ் அவென்யூவுக்கு வந்தோம். வளைவிலிருந்து கிழக்கே நேராகப் போகிற அகலமான சாலை. அதன் முடிவில் ஒரு இரும்பு கேட், அதற்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை.

இந்தச் சாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகர் வருவதற்கு முன்னால் இது வண்டிப்பாதை. எங்கள் காலனிப் பிணங்கள் ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போவது இந்த வழியாகத்தான். மனை போட்டவர்கள் பாதையை அழிக்க முடியாமல் அதன் மேலேயே தார் போட்டு ரோஜாப் பேர் வைத்துவிட்டார்கள். சாவு விழுந்தால் கேட்டைத் திறந்து விடுவது என்று பேச்சு. இப்போது இவர்கள் அந்த கேட்டை எடுத்துவிட்டு மதிலை ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருந்தார்கள். யாருமே பயன்படுத்தாத பாதையாம். அடைத்தால் நாங்கள் ஊர்த் தெரு வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். எங்கள் பிணம் ஊர்த் தெருவில் போனால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பாடையை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டு மண்டை உடைய அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நாங்களும் எதிர் மனு கொடுத்திருந்தோம்.

"நான் வந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட இந்த வழியா போய்ப் பாத்ததில்ல தம்பி" என்றார் செயலாளர். பொய் சொல்லவில்லை. எங்கள் காலனியில் யாரும் சனி, ஞாயிறு பார்த்துச் சாவதில்லை.

அப்புறம் அவர் சாலையை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்ப டல்லா இருக்கு. பேரு ரோஸ் அவென்யூ. ஒண்ணு பண்ணுங்க. சாமந்தி, ரோஸ் எல்லாம் வாங்கி உதிர்த்து ரோடு பூரா தூவிடுங்க. மேலேர்ந்து எடுத்தா ஃபாரின் மாதிரி இருக்கும்."

பூவை உதிர்த்து ரோட்டில் போட்டால் இந்த நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகூட அந்தப் பூவை மிதிக்காமல் தாண்டிப் போகும். "சார், ரோட்ல பூ போட்டா சாவு போன மாதிரி இருக்கும்" என்றேன். "அதெல்லாம் பழைய ஆளுங்க பேச்சு. நீங்க ஆர்ட்டிஸ்ட், நீங்களே இப்படி யோசிக்கலாமா?" என்று தோளில் தட்டினார். சென்னையிலும் சாவு விழத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் ஃப்ளாட்டில் கண்ணாடிப் பெட்டி வந்து, கண்ணாடி வண்டி வந்து, காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடுகிறது போல. புதன்கிழமை சாயங்கால வெயிலில் எடுப்பதாகப் பேசி முடித்தோம்.

செவ்வாய்க்கிழமை என் பெரியப்பா செத்துப்போனார். நெஞ்சு வலி என்று சொன்னவர் ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். அந்த நகரில் ஓரக்கல்லுக்கெல்லாம் மஞ்சளும் கறுப்பும் மாற்றி மாற்றி பெயின்ட் அடித்தது அவர்தான். கூலி வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது தினமும் அவருடைய சோற்றுப் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

புதன்கிழமை மதியம் எடுத்தோம். பூப்பாடை, தப்பு, வெடி, எதிலும் குறை வைக்கவில்லை. வளைவுக்கு முன்னால் வந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள், அதற்கு மேல் அவர்கள் வருவது வழக்கமில்லை. பெரியம்மா இரண்டு யானைகளையும் ஏறிட்டுப் பார்த்தாள். அழுதழுது தொண்டை கட்டியிருந்தது.

"போய்யா. நேரா உள்ள போ. இன்னிக்கு எவன் உன் பையத் தொறந்து காட்டச் சொல்றான்னு பாக்கறேன்" என்றாள்.

சாலைக் கோடியில் ஏரிக்கரைப் பக்கத்து கேட் பூட்டியிருந்தது. செக்யூரிட்டி காவாந்தண்டலத்துக்காரர், வயதானவர். வளைவிலிருந்தே போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தவர் என்னிடம் வந்தார்.

"செகரட்டரி போன எடுக்கலபா. போட்டோ எடுக்கற நாளு, யாரையும் உள்ள வுடாதன்னு சொல்லிக்கீறாரு."

"இப்ப இன்னாண்ற?" என்று என் அண்ணன், பெரியப்பாவின் மகன், கொள்ளிச் சட்டியோடு முன்னால் வந்தான்.

"ஒண்ணும் சொல்லல நைனா. பொணத்த நிக்க வெச்சுக்கினு எவனாவது பர்மிஷன் கேப்பானா? நீ வா" என்று சொல்லிவிட்டு அவரே சாவியைப் போட்டுத் திறந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

வளைவிலிருந்து கேட் வரைக்கும் மாலைகளைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டிருந்தார்கள் எங்கள் பையன்கள். சாமந்தி, ரோஜா, பொரி. இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, குளித்து, ஈரத் தலையோடு ட்ரோனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஒத்துக்கொண்ட வேலை என்று வெளியே சொன்னேன். நிஜத்தில் கோபம்தான் என்னைக் கூட்டி வந்தது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் சாலை முழுக்க ஆரஞ்சும் சிவப்பும், நடுநடுவே மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பொரி. நான் இதுவரை எடுத்ததில் அதுதான் நல்ல படம். பெரியப்பாவுக்கு அப்படி ஒரு படம் கிடைத்ததே என்று அந்த ஆளில்லாத தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

படங்களை அனுப்பின அன்றைக்கே செயலாளர் போன் செய்தார். "நான் சொன்னேன் பாத்தீங்களா? பூ எவ்ளோ தூக்கிக் குடுக்குது பாருங்க. பூவுக்கு பில் போட்டுருங்க."

"பூவுக்கு வேணாம் சார். அது எங்க செலவு" என்றேன். நல்ல பையன் என்று நினைத்திருப்பார்.

அந்தப் படத்தைத்தான் வெப்சைட்டில் முதலில் போட்டார்கள். போதாததற்குப் பெரிய பிளெக்ஸாக அடித்து வளைவுக்குள் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று செல்ஃபி எடுத்தார்கள். என் பெரியப்பாவின் சாவு ஊர்வலத்துக்கு முன்னால் நின்று அப்படி யாரும் பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை. காலனியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இருக்கட்டும், வுடு" என்றான்.

கொஞ்ச நாள் கழித்து மனுவை விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கண்ணாடி போட்ட நடுத்தர வயது அம்மா. அதற்காகவே செயலாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். காலனி சார்பில் நானும் அண்ணனும் போனோம். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, நீங்களும் எடுத்துச் சொல்லுங்க" என்றார் செயலாளர். நான் எந்தப் பக்கத்து ஆள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

நிழலுக்காக எல்லோரும் பிளெக்ஸ் ஓரமாக நின்றோம். அந்த அம்மாவுக்கு இளநீர் கொடுத்தார்கள். "இது டெட் எண்ட் மேடம். ஒரு காக்கா குருவிகூட இந்த வழியா போறதில்ல" என்று செயலாளர் பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பிளெக்ஸுக்குக் கிட்டே போய், கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். தரையில் கிடந்த பொரியைப் பார்த்தார். படத்தின் கோடியில் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார்.

"யாரு சாவு இது?" என்றார்.

"சாவா? அய்யோ மேடம், அது டெக்கரேஷன். நான்தான் போடச் சொன்னேன். தம்பியையே கேளுங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எங்க பெரியப்பா மேடம்" என்றேன். "இவரு கொள்ளி வெச்ச புள்ள."

செயலாளர் என்னைப் பார்த்தார், அண்ணனின் மொட்டைத் தலையைப் பார்த்தார், கடைசியில் பிளெக்ஸைப் பார்த்தார். வாரா வாரம் பார்த்த படத்தை அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா தன் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டு, மீதி இளநீரையும் குடித்து முடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கேட் இன்னும் இருக்கிறது. பிளெக்ஸைத்தான் அன்றைக்குச் சாயங்காலமே அவிழ்த்துவிட்டார்கள்.