கப்பலில் ஆர் இருக்கினம்?

குளிர் முற்றினால் நம்மவர்கள் விடுமுறையில் போவார்கள் என்பது பரவலான நம்பிக்கை. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் பயணச்சீட்டு விற்பவன் என்ற முறையில் இதைக் கனத்த மனத்துடன் மறுக்கிறேன். தமிழர் விடுமுறையில் போவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். லண்டனோ ரொறன்ரோவோ, அங்கே வெயிலா பனியா என்பது போய் இறங்கிய பிறகு பார்க்கிற விஷயம். வாடிக்கையாளர்களிடம் வதைபடும் சக தொழிலாளர்களே, நீங்களாவது என்னை நம்புங்கள்.

படத்தில் இருந்த சாய்கதிரை

வதனி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மாரிக் குளிர்காலம் முழுக்க இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர். கணவர் சிவம் அண்ணையோடும் மகளோடும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர், கனேரியத் தீவுகளைச் சுற்றும் கப்பலின் படத்தில் ஒரு சாய்கதிரையைத் தொட்டுக் காட்டினார். "ஒரு நாளெண்டாலும் இதில வெயிலுக்க படுக்கோணும் தம்பி. ஆருக்கும் தேத்தண்ணி போடாமல்."

சிவம் அண்ணையின் கவலை வேறு. "கப்பலில ஆர் இருக்கினம்?"

தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை என்றேன்.

"அப்ப என்னத்துக்குப் போறது?"

தோடம்பழங்களின் பயணம்

அடுத்த கிழமையே அந்தக் குறை தீர்ந்தது. ஹோர்சன்ஸிலிருந்து அண்ணையின் தம்பி குடும்பம், ஒடென்சேயிலிருந்து தங்கை குடும்பம், அவர்களுடைய சம்பந்தி வீட்டார் என்று எல்லாரும் அதே கப்பலுக்குச் சீட்டு எடுத்தார்கள். கூட்டம் பெருத்ததால் முதலாளி என்னையும் வழிகாட்டியாக ஏற்றிவிட்டார். வழிகாட்ட ஒன்றும் இருக்கவில்லை. மேல்தளத்தில் வெயில் கொளுத்த, நம்மவர்கள் ஒருவர் அறைக்கு ஒருவர் விருந்தாளியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு போகக்கூடாதல்லவா? சாப்பாட்டு மண்டபத்தில் சும்மா கிடைத்த தோடம்பழங்களைப் பையில் கொண்டுபோனார்கள். வாங்கியவர்கள் அதே பையை அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்கள்.

பெரிய அறை வதனி அக்காவுடையது. தேத்தண்ணிக் கேத்தில் ஆறவேயில்லை. கதவடியில் நின்ற மகள் டேனிஷில் என்னிடம் சொன்னாள்: "இது எங்கட வீட்டு ஹோல்தான். இப்ப மிதக்குது."

தலையிடி

கடைசித் துறைமுகம் தெனரீஃப். அங்கே சம்பந்தியின் ஒன்றுவிட்ட தம்பி கடை வைத்திருப்பதைச் சிவம் அண்ணை தொலைபேசியில் துருவிக் கண்டுபிடித்துவிட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எல்லாரும் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனோம். கண் கூசுகிறதென்று திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அவருடைய கலியாண வீடியோவைப் பார்த்தோம். வதனி அக்கா மட்டும் வரவில்லை. தலையிடியாம்.

பாதி வீடியோவில் சிவம் அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. "பாவம், தனியக் கிடக்கிறாள். இந்தக் குளிசையைக் குடுத்திட்டு வாரும்" என்று என்னை அனுப்பினார்.

கப்பலில் அக்காவின் அறையில் ஆள் இல்லை. மேல்தளத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சாய்கதிரையில் கிடந்தார். குளிசையை நீட்டி, அண்ணையிடம் என்ன சொல்வதென்று கேட்டேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கடும் தலையிடி, கதவைக்கூடத் திறக்கேலாமல் கிடக்கிறா எண்டு சொல்லுங்கோ. ஓடிப்போகாதேங்கோ, ஆறுதலாப் போய்ச் சொல்லுங்கோ."

அப்படியே சொன்னேன்.

அன்று முழுக்க அறையை விட்டு அசையாத வதனி அக்காதான், எங்கள் கூட்டத்தில் கறுத்துப்போய் ரண்டர்ஸ் திரும்பிய ஒரே ஆள்.