பார்த்தீனியத்தின் பங்காளி

என் அத்தான் நகராட்சிப் பூங்காக்களின் மேற்பார்வையாளர். முப்பது வருஷமாகச் செடிகளோடு இருக்கிறார் என்று பெயர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே சங்கதி: ஆர்டர் போட்டு வரவழைத்தால் அது செடி, தானாக முளைத்தால் அது களை. அலுவலகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. அவர் மண்டைக்குள்ளும் அப்படித்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கத்தரி இருக்கும். அதை வைத்து அவர் வெட்டியது பெரும்பாலும் திறப்பு விழா ரிப்பன்.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் ஆள் கில்லாடி. எந்த வீட்டுக்குப் போனாலும் காபி ஆறுவதற்குள் அந்த வீட்டுக்காரரின் சித்தப்பா மகளை எங்கே கொடுத்தார்கள், அவர்கள் நமக்கு என்ன முறை என்று தோண்டி எடுத்துவிடுவார்.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறையில் மைக் முன்னால் எட்டு மணி நேர வேலை. மழை விட்டதிலிருந்து அவளுக்குத் தும்மல், கண் அரிப்பு, இழுப்பு. ஓர் அறிவிப்பை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் குரல் சரியாகாவிட்டால் பார்சல் கிடங்குக்குப் போய்விடு என்று நிலைய மேலாளர் சொல்லிவிட்டார். அந்த மைக்கை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? வீட்டில் அத்தான் அவளை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிட்டதில்லை.

ஒவ்வாமைப் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. அக்காவின் முன்கையில் மகரந்தச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினேன். கால் மணி நேரத்தில் பார்த்தீனியக் களையின் சாறு வைத்த இடம் கொசுக்கடி போலத் தடித்துச் சிவந்தது. சாமந்தியும் சூரியகாந்தியும் கொஞ்சம் சிறிதாகத் தடித்தன.

அன்று மாலையே அத்தானிடம் போய்ச் சொன்னேன். "இது மூணும் ஒரே குடும்பம் அத்தான். மகரந்தத்துல இருக்கற புரதம் கிட்டத்தட்ட ஒரே சாடை. உடம்பு ஒண்ணை எதிரின்னு முடிவு பண்ணிட்டா, அதோட பங்காளிங்களையும் விடாது. சாமந்தி ஜாதி எதுவும் வீட்டுப் பக்கமே வேணாம்."

"களைக்கும் பூச்செடிக்கும் என்னம்மா சம்பந்தம்? ஊசி குத்தறவ எனக்குச் செடியைப் பத்திப் பாடம் எடுக்கறியா?" என்று சிரித்தார்.

மறுநாள் ஆட்களோடு போய் பின்புறக் காலி மனையில் இருந்த பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கினார். அதுவரை சரி. அப்புறம், வீட்டுக்கு நல்ல காற்று வரவேண்டுமாம், நகராட்சி நாற்றங்காலிலிருந்து பன்னிரண்டு சாமந்தித் தொட்டிகளைக் கொண்டுவந்து படுக்கையறை ஜன்னலோரம் அடுக்கினார். இந்தப் புத்தியை எங்கே போய்ச் சொல்வது! அக்காவுக்கு இழுப்பு கூடியது. களையின் விஷம் உடம்பைவிட்டு இறங்குகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்.

மேலாளர் கொடுத்த கெடு முடிகிற நாள் காலையில், காய்ந்த சீமைச்சாமந்திப் பூவை வெந்நீரில் போட்டு, தொண்டைக்கு நல்லது என்று நீட்டினார்.

"தங்கச்சி வேணாம்னாளே," என்றிருக்கிறாள் அக்கா.

"அவ கெடக்கா. குடி."

பாதி டம்ளர்தான் குடித்தாள். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, பேச்சு நின்றுவிட்டது. ஆம்புலன்ஸில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அழைத்துவந்து, தொடையில் ஊசி போட்டு மூச்சை மீட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அத்தான்மேல் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. அவர் தாழ்வாரத்தில் நின்று, பக்கத்துப் படுக்கைக்காரர் நமக்கு என்ன முறை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வார்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கொத்து மஞ்சள் சாமந்தி. "நம்ம தொட்டியில பூத்ததுதான். பாத்துப் பாத்து வெட்டுனேன்," என்றார்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அக்கா ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. வாசலில் பூவோடு நிற்பவர் உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தான் கையிலிருந்த கொத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது செடிதானேம்மா?"

"மீண்டும் அறிவிக்கிறோம்," என்றாள் அக்கா, மூச்சு வாங்காமல்.