மூன்றாவது ஃபியூஸ்

நான் ஒரு மடையன். வாசிக்கிறவர்கள் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்று வேண்டுமா? குடியை நிறுத்தும் விடுதி ஒன்றில் இருபத்தொரு நாள் கிடந்தேன். வெளியே அனுப்பும் நாளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். "ஒண்ணாம் தேதி விடுங்க. அன்னைக்கு கேரளத்துல பிராந்திக்கடை திறக்காது. எனக்கு ஒரு நாள் கூடுதல் காவல்" என்றேன். விடுதிக்காரர்கள் என் தெளிவைக் கண்டு பூரித்துப்போனார்கள். மற்ற குடிகாரர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்கள். பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான், நான் குடியிருப்பது எல்லையில் என்பது ஞாபகம் வந்தது. துணிப்பையைத் தோளில் போட்டபடியே எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு நடந்தேன். தமிழ்நாட்டில் ஒண்ணாம் தேதிக்கு ஒரு விசேஷமும் இல்லை. சட்டைப்பையில் விடுதி கொடுத்த உறுதிமொழி அட்டை இருந்தது. ஊறுகாயை அதன்மேல்தான் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "எலே, இருபத்தோரு நாளு உள்ள இருந்தியே, வெளிய ஒரு நாளு இருக்கப்பிடாதா?"

"வெளியில காத்து சரியில்ல அண்ணே" என்றேன். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் விற்பேன். விற்றும் இருக்கிறேன்.

விடுதிக்கெல்லாம் போவதற்கு முன்பு நானும் என் மனைவியின் அண்ணனும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் மின்கம்பி வேலை செய்தோம். மச்சான் ஏறுவார், நான் கீழே நிற்பேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கீழே நிற்பவன் ட்ரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபியூஸையும் உருவி, கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகே ஏறுகிறவன் கம்பத்தில் கால் வைப்பான். அன்றைக்கு நான் ஃபியூஸ் உருவும்போது போனில் ஒருவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல கதை, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பைக்குள் போட்டது இரண்டா மூன்றா என்று எனக்கே நிச்சயம் இல்லை. திறந்து பார்க்கச் சோம்பல்.

"மூணும் எடுத்தியாலே? காட்டு" என்றார் மச்சான்.

"வோய், உம்ம தங்கச்சிய நம்பித் தந்த ஆளு, மூணு ஃபியூஸுக்கு நம்ப மாட்டீரா?" என்று பையைத் தட்டிக் காட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார்.

பிறகு நான் ஓடினேன். கரண்ட் அடித்து மேலே பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அல்ல, வளைவில் இருந்த ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து. மூன்றாவதை உருவிப் பையில் போட்டேன். உருவியது சரிதான், கரண்டை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ஆட்கள் கூடியபோது என் பையில் மூன்றும் சேர்ந்து இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. விசாரித்தவர்கள், ஏதோ வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கரண்ட் திரும்பி வந்திருக்கும், கையுறை போடாமல் ஏறியவர் மேலும் தப்பு உண்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். மாமியார் அன்றிலிருந்து செத்த மகனைத் திட்டுகிறார். "எனக்க மவனுக்கு பிறந்ததுல இருந்தே அவசரமாக்கும். ஒரு கையுறை போட நேரம் இல்லாம போச்சே பாவிக்கு." பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தது யார் தெரியுமா? அடியேன்.

இதற்குப் பிறகும் குடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். குடித்தேன். குடித்த இடங்களில் அந்தச் சாவையே ஒரு தமாஷாக நடித்துக் காட்டினேன். மச்சானின் ஒரு செருப்பு மட்டும் கம்பத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டு ஆடிய விதம், ஊர்க்காரர்கள் ஓடி வந்த விதம். கை தட்டினார்கள். என் நடிப்பில் பையில் எப்போதும் மூன்று ஃபியூஸ் இருந்தது. சாலையோரத்தில் கோழி சுடுகிற வாசம் வந்தால் மட்டும் என் கால்கள் தாமாகவே மடங்கிவிடும். அதையும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஒண்ணாம் தேதிக் கூத்துக்குப் பிறகு மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். "அண்ணன் போனதுலதான் நீங்க இப்படி ஆனீங்கன்னு நான் பொறுத்துட்டு இருக்கேன். இனி ஒரு தடவ குடிச்சா, நான் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு அம்மை வீட்டுக்குப் போயிருவேன்." அவள் பொறுத்துக்கொண்டதே என் பொய்யை நம்பித்தான். அது தெரிந்துவிட்டால் குடிக்காவிட்டாலும் போய்விடுவாள். என் நிலைமை அதுதான்.

விடுதியில் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்கள்: பழசைக் கிளறாதே, முதலில் குடியை விடு. மனநோய் மருத்துவர் ஒருவரிடம் போனால் அவரும் அதையே சொன்னார்: முதலில் குடியை விட்டுவிட்டு வா, பழசை அப்புறம் பார்க்கலாம். குடியை விட்டால் மச்சான் கம்பத்திலிருந்து தொங்குகிறார். மச்சானை மறக்கக் குடிக்கிறேன். தாலுகா அலுவலகத்துக்கும் வில்லேஜ் அலுவலகத்துக்கும் நடுவே அலைகிற மனுபோல அலைந்தேன். கடைசியில் மனைவி விசாரித்து விசாரித்து, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி. சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். குடி ஆசைக்கு மாத்திரை எழுதி அதை மனைவி கையில் கொடுத்தார். என் கையில் ஒரு நோட்டு. இடப்பக்கம் குடிக்கத் தோன்றிய நேரம், வலப்பக்கம் அந்த நாள் ஞாபகம் வந்த நேரம். நான் ஒவ்வொரு வரியிலும் ஒரு நகைச்சுவை சேர்த்து எழுதிக்கொண்டு போனேன். அவர் நகைச்சுவையை விட்டுவிட்டு நேரங்களை மட்டும் வாசித்தார். நாலு பத்து, கோழிக்கடை. நாலு பன்னிரண்டு, குடிக்கத் தோன்றியது. பக்கம் முழுக்க அப்படித்தான்.

"நிங்களுக்கு ரெண்டு நோய் இல்ல. ஒரு நோயிக்கு ரெண்டு வாசல்" என்றார்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். அதை என் போனில் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கேட்கக் கேட்க அதன் பல் மழுங்குமாம். நான் அருமையாகச் சொன்னேன். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. மச்சான் செத்தார், எனக்கு வியர்க்கக்கூட இல்லை. நாலாவது முறை அவர் நிறுத்தினார்.

"வீட்டில நிங்க என்ன பாஷை?"

"தமிழ்."

"அவர் கடைசியா உங்ககிட்ட மலையாளத்திலயா பேசினார்?"

"இல்ல."

"பின்னே எதுக்கு என்கிட்ட மலையாளத்தில சொல்லுறீங்க?"

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட்டு எல்லாவற்றுக்கும் மலையாளம்தான் தானாக வாயில் வரும். பொய் சொல்ல வசதியான மொழி என்று நான் சொன்னால் மலையாளிகள் கோபிப்பார்கள். தப்பு மொழியுடையது அல்ல. எனக்கு அதில் யாரும் செத்ததில்லை, அவ்வளவுதான்.

தமிழில் ஆரம்பித்தேன். "மூணும் எடுத்தியாலே, காட்டு" என்ற இடம் வந்ததும் மலையாளத்துக்குத் தாவப் பார்த்தேன். டாக்டரம்மா விடவில்லை. கருணை இல்லாத பொம்பளை. சொல்லி முடிக்கும்போது என் சட்டை நனைந்திருந்தது. பதிவில் என் பையில் முதல்முறையாக இரண்டு ஃபியூஸ் இருந்தது.

"இன்னிக்கு குடிக்கத் தோணும். நல்லாவே தோணும். தோணினா தோத்துட்டதா அர்த்தம் இல்ல. குடிக்காம வீட்டுக்குப் போங்க" என்றார்.

தோன்றியது. பஸ்ஸில் களியக்காவிளைக்கே டிக்கெட் எடுத்தேன். ஆனால் என் நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். இதைத் தைரியம் என்று எண்ணிவிட வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் மனைவி உட்கார்ந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் வாயால் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. இயர்போனை அவள் காதில் நானே மாட்டி, பதிவை ஓடவிட்டேன். பதினாலு நிமிஷம். முதல் நாலு நிமிஷம் அவள் கை மீன் வெட்டியது. பிறகு நின்றது. பூனை ஒன்று சட்டியிலிருந்து ஒரு சாளையைக் கவ்விக்கொண்டு போனது. அவள் விரட்டவில்லை. நானும் விரட்டவில்லை. முடிந்ததும் செதில் ஒட்டிய விரல்களால் இயர்போனைக் கழற்றி என் மடியில் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் இங்க இருக்கட்டா, போகட்டா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு அம்மைக்கிட்ட போனைக் குடுக்கப்பிடாது, வாயால சொல்லணும்."