பன்னிரண்டு நாற்காலிகளும் நாங்கள் நான்கு பேரும்

ஒட்டுப்பாலின் நாற்றம் அப்பாவின் கைகளை விட்டுப் போக ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று. ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுத்துப் பழகிய அந்தக் கைகள்தான், எங்கள் ஊரான குன்னத்துகாலை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்தபின் ஞாயிறுதோறும் வேதப்புத்தகத்தைப் பிடித்தன. சோப்பு எவ்வளவு போட்டும் பக்கத்தில் நின்றால் தெரியும்.

எனக்கு அப்போது எட்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. பால்வெட்டுக்குப் போய்க்கொண்டே ஊர்ச் சபையில் உபதேசியாராகவும் இருந்த அப்பா, நகரத்தில் வேலை பார்க்கும் எங்கள் தமிழ்-மலையாள எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு அவர்கள் பேச்சிலேயே ஒரு சபை வேண்டும் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒரு டயர் கடையின் மாடியில் வாடகைக்கு இரண்டு அறைகள். பின்னறை வீடு, முன்னறை சபை. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் வெளியாள் ஒருவராவது வந்து நிலைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் பால்வெட்டும் கத்தியை எடுப்பது என்று அவரும் அம்மாவும் பேசி வைத்திருந்தார்கள்.

முன்னறையில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஓணம் கழிந்தும் எவரும் வரவில்லை. அதுவரை முன்வரிசையில் சேர்ந்திருந்த எங்களைப் பிரித்தது அம்மாவின் யோசனை. "ஒண்ணிச்சு இருந்தா வீடாக்கும் மக்கா, தள்ளித் தள்ளி இருந்தாத்தான் சபை" என்று அண்ணனை ஜன்னலோரமும் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கடைசி வரிசையிலும் இருத்தி, வருகிறவர்களுக்கு என்று ஒவ்வொருவர் அருகிலும் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, தான் மட்டும் முன்னால் இருந்தாள். அப்பா எங்கள் மூன்று பேரையும் பார்த்து "அன்பானவர்களே" என்று தொடங்கி, முழுக்குரலில் ஒரு மணி நேரம் பிரசங்கிப்பார். ஆளில்லை என்று ஒரு வாரம்கூடச் சுருக்கியதில்லை. அண்ணன் கொட்டாவி விட்டால், "சபையாரில் சிலர் உறக்கமாயிருக்கிறார்கள்" என்பார், சிரிக்காமல்.

கிறிஸ்துமசுக்கு ஐந்து வாரம் இருக்கையில், நல்ல மழை பெய்த ஒரு ஞாயிறன்று, எங்கள் பாட்டைக் கேட்டு ஒரு பெண் குடையை மடக்கியபடி படியேறி வந்து என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். பாலராமபுரத்துக்காரி, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, பெயர் கனகபாய் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. நான் ஆருக்க பிள்ளை, அம்மா எங்கே என்று மெல்லக் கேட்டாள். இந்தச் சபையே ஒரு வீடுதான் என்று தெரிந்தால் இறங்கிப் போய்விடுவாளே என்று பயந்தேன். தனியாக வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து அப்பாவிடம் கூட்டிப் போனாள். "உபதேசியாரே, இந்தக் கொச்சுப்பிள்ள மழையில தனியா வந்திருக்கு. இனி எல்லா ஞாயிறாச்சையும் நான் வந்து இத கூட்டிட்டு வாறேன்."

அப்பா தலையசைத்திருந்தால் போதும், வாரந்தோறும் வந்திருப்பாள். பேசாதிருங்கள் என்பதுபோல் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவோ என்னைப் பார்த்தார்.

"அது எனக்க பிள்ளையாக்கும். அந்தா நிக்கது எனக்க வீட்டுக்காரி, அவன் மூத்தவன். வேற ஆரும் இல்ல அக்கா. நாங்க ஒரே வீடு."

கனகபாய் அக்கா பன்னிரண்டு நாற்காலிகளையும் மெதுவாகப் பார்த்தாள். "அப்பம் சபைன்னு வந்தது நான் ஒருத்தி மட்டுமா?"

"ஆமா."

அவள் என் கையை விட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அப்பா திட்டவில்லை, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "பேடிச்சிட்டியா மக்கா? தப்பு எங்களுக்கதாக்கும்" என்றார். அந்த வாரம் அம்மா, அப்பாவிடம் கேட்காமலே, ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய பாத்திரங்களைத் தனியே எடுத்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு படிக்கட்டில் பல செருப்புச் சத்தம். அக்கா தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தாள். "ஒருத்தியா எப்பிடி சபையா இருக்கது?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, "நகரு கள்ளீ" என்று என் கன்னத்தைக் கிள்ளி அதே நாற்காலியில் இருந்தாள். வந்தவளை இழந்தாலும் பிள்ளையைப் பொய்யில் நிறுத்த மாட்டேன் என்று அப்பா எடுத்த முடிவின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை. கையில் பிள்ளை வந்த பிறகுதான் புரிகிறது.

டயர் கடைக் கட்டிடம் சாலை அகலப்படுத்தலில் போய்விட்டது. கனகபாய் அக்காவும் இப்போது இல்லை. சபைக்குச் சொந்தக் கட்டிடமும் நீள பெஞ்சுகளும் உண்டு. தனி நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை. எட்டு வயதுப் பிள்ளையைப் படிக்கட்டோரம் தனியே இருத்தியது சரிதானா என்று அடிக்கடி யோசிக்கிறேன். நான் செய்திருக்க மாட்டேன். செய்யாதிருப்பது சரியா என்பதும் தெரியவில்லை.

போன ஞாயிறு என் நான்கு வயது மகள் மடியிலிருந்து நழுவி, முன்பெஞ்சில் தனியாக இருந்த, சபைக்குப் புதிதாய் வந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் அமர்ந்துகொண்டாள். கூட்டி வர நான் பாதி எழுந்துவிட்டேன். அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"இருக்கட்டு மக்கா. சபையாக்கும்."

நான் உட்கார்ந்தேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.