அண்ணன் வசனம் முடியும்முன்னே

பிள்ளைகளா, ராஜா கதை படித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். "வீரன் பேசிக்கிட்டே இருக்கான். எதிரி ஏன்ப்பா வெட்டாம நிக்கிறான்?" என்று கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கதைகளில் சண்டை வாயில்தான் ஆரம்பிக்கும். நான் யார், எந்த ஊர், எதற்கு வந்தேன் என்று வீரன் சொல்லி முடிப்பான். எதிரி காத்திருப்பான். பிறகு அவன் முறை. பேசுகிறவனை நடுவில் வெட்டினால் கோழை என்று பெயர்.

நம் கோயில் திருவிழாவில் ராஜா வேஷம் கட்டிப் பாட்டும் வசனமுமாய்ப் போடும் வாசாப்பு நாடகத்திலும் இதே வழக்கம்தான். மூன்று வருஷம் முன்பு நான் படைத்தலைவன், உங்கள் பெரியப்பா எதிரி நாட்டு ராஜா. பெரியப்பாவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு மாதம் வரப்பில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தார். மேடையில் நாலு வரி சொன்னார். ஐந்தாவதில் நின்றுவிட்டார். நான் பொறுத்திருக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்று நினைத்து, அவர் வசனத்தை நானே கணீரென்று சொல்லிவிட்டேன்.

"ராஜாவுக்கும் சேத்து நீயே பேசுறியா? அப்ப நீயே வெட்டிக்கிட்டுச் சாவுடா" என்றார் முன்வரிசையில் ஒருவர். பந்தலே சிரித்தது. பெரியப்பா மீதியை முணுமுணுத்துவிட்டு, சாகவேண்டிய இடத்தில் செத்தார். வேஷத்தைக் கலைத்ததும் என்னிடம் சொல்லாமல் போய்விட்டார்.

இனி அண்ணன் மேடையும் ஏறமாட்டார், நம் வூட்டுப் படியும் மிதிக்கமாட்டார் என்று எனக்குப் பயம். மறுநாள் காலை திருமானூர் பஸ் பிடித்து அவர் வயலுக்குப் போனேன். மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உதவியா இருக்கும்னுதான்..."

"நான் கேட்டனா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

"மறக்கலடா. அந்த வார்த்தை வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அதுக்குள்ள நீ..."

நின்றார். அடுத்த சொல் எனக்குத் தெரியும், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"...வெட்டிட்ட" என்றார் கடைசியில்.

"தப்புதாண்ணே."

"அடுத்த வருஷமும் இப்படிப் பண்ணுனா, நாடகம்னு பாக்கமாட்டேன். மரக்கத்தின்னாலும் நெசமாவே ஒரு போடு போட்டுருவேன்."

அடுத்த வருஷம் என்றாரே, எனக்கு அது போதும்.

அன்று திரும்பி வந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நாடக நோட்டை எடுத்தேன். அண்ணன் வசனம் இருக்கும் பக்கத்தின் ஓரத்தில், 'படைத்தலைவன் சும்மா நிற்கவும்' என்று பென்சிலால் எழுதி வைத்தேன்.